மணியைப் பொத்துன பெரியவர்: மலையில தனியாத் தங்குனவங்க உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

வாடிப்பட்டிக்காரன்
திண்டுக்கல் பக்கம் சிறுமலை போறவங்களுக்குத் தென்மலைப் பக்கம் தெரியும், அதனால வழி சொல்லல. தெரிஞ்சவரோட பட்டா தோட்டம், அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் கூடாரம் போட்டேன். ஐப்பசி மாசம், மழை விட்டிருந்துச்சு. காப்பிச் செடிக்கு நடுவுல குதிரை போற தடம், அதுலருந்து கொஞ்சம் தள்ளி.

ஏழரை மணி இருக்கும். மணிச்சத்தம். வாழைத்தார எறக்கிட்டு வெறும் முதுகோட குதிரை திரும்பி வருது. பின்னால ஒரு பெரியவர், கையில லைட்டு இல்ல. "யாருப்பா அது?"ன்னாரு, சொன்னேன், "சரி"ன்னுட்டு நடந்தாரு. நாலு எட்டு போயிருக்காது, குதிரை நின்னுருச்சு. காது ரெண்டும் முன்னால நிமிந்து நிக்குது. அவர் குதிரை கழுத்துக்கடியில கையக் கொண்டுபோயி மணிய உள்ளங்கையில அப்படியே பொத்திக்கிட்டாரு. என் பக்கம் திரும்பாமலே "லைட்ட அமத்து"ன்னாரு.

அமத்துனேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. புல்லப் பிடுங்குற சத்தம் மட்டும், ரொம்பக் கிட்டத்துல. சாணி வாடை. ஒரு தடவை 'உஸ்'ஸுன்னு மூச்சு விட்டுச்சு பாருங்க, இன்னைக்கு நெனச்சாலும் முதுகு கூசுது. எவ்வளவு நேரம் நின்னோம்னு சொல்லத் தெரியல. அவர் கைய எடுத்தாரு, மணி ஆட ஆரம்பிச்சுச்சு, போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல.

விடிஞ்சு பாத்தா கூடாரக் கயித்துக்கு அந்தப் பக்கம் காட்டுமாட்டுக் குளம்பு. பக்கத்துலயே ஒரு சின்னக் குளம்பும்.

குதிரைக்கு மணி கட்டுறதே மிருகம் சத்தம் கேட்டு வெலகட்டும்னுதானே? அப்ப ஏன் பொத்துனாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமங்கலம் ரயிலடி
நண்பா, உங்க நல்ல நேரம் தப்பிச்சீங்க. சத்தம் போடாம நிக்கிறதுதான் ஆபத்து. நான் கண்ணால கண்டவன்.

சதுரகிரி, ஆடி அமாவாசை முடிஞ்ச மறுநாள். கூட்டமெல்லாம் எறங்கிருச்சு, அடிவாரத்துத் தாணிப்பாறைக்கு நான் ஒருத்தன்தான் பின்தங்கி வர்றேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் உறிஞ்சுற சத்தம். யாரோ பெரிய குழாய வச்சு தண்ணி இழுக்குற சத்தம்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா கரடி, கறையான் புத்துக்குள்ள மூஞ்சிய விட்டுருக்கு. அந்த வேலையில இருந்தா அதுக்குக் காதே கேக்காது. கம்ப எடுத்துப் பாறையில தட்டுனேன். ரெண்டு கால்ல எந்திரிச்சு நின்னு என்னையப் பாத்துச்சு. நெஞ்சுல அந்த வெள்ளைக் கோடு. அப்புறம் எறங்கி ஓடிருச்சு. சத்தம் குடுக்காம மேல போய் மோதியிருந்தா மொகமே இருந்திருக்காது.

அதனால மணியப் பொத்துறது, லைட்ட அமத்துறது எல்லாம் யாரும் பின்பற்ற வேண்டாம்.

அனுப்பானடி அக்கா
ரயிலடி தம்பி, கரடி வேற, காட்டுமாடு வேற. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல்லருந்து வெள்ளகவிக்கு நான் தனியா எறங்குனேன். ரோடு இல்லாத ஊரு, ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க, தெரியும்ல. ஊருக்கு மேல தடத்த மறிச்சு ஒத்தை மாடு நிக்குது. நான் மரத்துக்குப் பின்னால ஒட்டிக்கிட்டேன். கீழருந்து தலையில அரிசி மூட்டையோட ஒரு ஆச்சி ஏறி வந்துச்சு. கத்தவும் இல்ல, நிக்கவும் இல்ல. வீட்டுல மருமகன்கிட்டப் பேசுற கொரல்ல, "வழி விடுய்யா, சொமை கனக்குதுல்ல"ன்னுச்சு. அது தலையத் திருப்பிக்கிட்டு மெதுவா எறங்கிப் போயிருச்சு. ஆச்சி என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கல. அந்தக் கொரல் எனக்கு வருமான்னு இன்னும் யோசிக்கிறேன்.

போடிப் பக்கம்
மாடும் கரடியும் இருக்கட்டும். எனக்கு ஒறக்கம் வராம செய்றது தீ.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கெழமை. குரங்கணி. எங்க மொட்டமாடியிலருந்து மலையில செவப்பாக் கோடு கோடா ஏறுறதப் பாத்தோம். எப்பவும் எரியுற புல்லுதான்னு எங்கம்மா துணி மடிக்கப் போயிட்டாங்க. உள்ள மலையேறப் போன சென்னை, ஈரோடு பக்கத்துப் புள்ளைங்க மாட்டியிருக்குன்னு அப்புறம்தான் சேதி வந்துச்சு. 20க்கும் மேல உசுரு போச்சு.

அதனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மாசி, பங்குனியில மலையில கூடாரமே வேணாம். காஞ்ச புல்லுல தீ மேட்டப் பாத்து ஓடும், மனுசன் மேடேறுறதவிட அது வேகம். தீயப் பாத்தா மேல ஓடாதீங்க, பக்கவாட்டுல வெலகி வெறும் பாறையோ ஏற்கெனவே எரிஞ்சு அடங்குன எடமோ தேடுங்க. நைலான் துணி உருகித் தோல்ல ஒட்டும், பருத்தி போடுங்க. காத்துல அடுப்புப் பத்த வைக்கவே வைக்காதீங்க.

ஓடை மணல் மெத்தையா இருக்குன்னு அங்க படுக்காதீங்க. 2015 மே மாசம் சதுரகிரி ஓடையில திடீர்னு தண்ணி வந்து பக்தருங்க செத்தது ஞாபகம் இருக்கும். நீங்க நிக்கிற எடத்துல சொட்டு மழை இருக்காது, மேல கொட்டியிருக்கும்.

அப்புறம் அனுமதி. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021லருந்து புலிகள் காப்பகம். அதுக்குள்ள அனுமதியில்லாமப் போனா 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். 2024லருந்து வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதையத் தொறந்து உள்ளூர்ப் புள்ளைங்களையே வழிகாட்டியா அனுப்புது. தனியா நடக்குற ருசி அதுல வராதுதான். ஆனா எந்தப் பாதையில போறோம், எப்ப திரும்புவோம்னு ஒரு ஆளுக்காவது தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. போன் சிக்னல நம்பாதீங்க. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டருக்குக் கொறைய வேணாம்.

வாடிப்பட்டிக்காரன்
போடி அண்ணே, நன்றி. நான் கேட்டது மணியப் பத்தி.

பழையூர்ப் பேரன்
எங்க தாத்தா சிறுமலையில குதிரை வச்சிருந்தவரு. வாழத்தாரு, எலுமிச்சை, பலாப்பழம் எல்லாம் குதிரை முதுகுலதான் ரோட்டுக்கு வரும். அதனால சொல்றேன்.

மணி தூரத்துல இருக்கிற மிருகத்துக்கு. நடந்துக்கிட்டே இருக்கும்போது அது கேட்டு முன்னாடியே வெலகிரும். குதிரை நின்னுருச்சுன்னா வெலகல, பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம். கன்னுக்குட்டி வேற இருந்திருக்கு. தாய் மாட்டுக்கும் குட்டிக்கும் நடுவுல நீங்க யாராவது மாட்டியிருந்தா? அந்த நேரத்துல குதிரை மெரண்டு தலைய ஒதறுனா மணி தாறுமாறா அடிக்கும். மாடு மெரளும், குதிரை ஓடும், ரெண்டுக்கும் நடுவுல உங்க கூடாரம். அவர் மணிய மட்டும் பொத்தல. கழுத்துல கை இருந்தா குதிரைக்குத் தைரியம். எங்க தாத்தாவும் இப்படிச் செய்வாரு, காதுக்குப் பின்னால தடவிக்கிட்டே இருப்பாரு.

லைட்ட அமத்தச் சொன்னதும் சரிதான். முழிச்சு நிக்கிற மாட்டு மூஞ்சியில வெளிச்சம் அடிக்கக் கூடாது.

அது எந்தக் குதிரை, நெறம் தெரியுமா? இப்ப அந்தப் பக்கம் குதிரை வச்சிருக்கிறவங்க கொறைஞ்சுட்டாங்க, சொன்னா கண்டுபிடிச்சிரலாம்.

வாடிப்பட்டிக்காரன்
இருட்டுல நெறம் தெரியல தம்பி. மணி ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு கனத்த சத்தம், ஒண்ணு சன்னம். பெரியவர் லேசா இருமிக்கிட்டே வந்தாரு. தென்மலையில விசாரிச்சுச் சொன்னீங்கன்னா நேர்ல போய்ப் பாத்துட்டு வருவேன்.

திருமங்கலம் ரயிலடி
பேரன் சொல்றத மாட்டுக்கு ஒத்துக்கிறேன். கரடிக்கு ஒத்துக்க மாட்டேன். சதுரகிரி எறங்குறவங்க திருப்பத்துல கம்பத் தட்டிக்கிட்டே வாங்க.