புதுப்பிப்பு: எம்பிபிஎஸ் படித்துக்கொண்டே சம்பாதிப்பது

"இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ். கைச்செலவுக்கு அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. சேலத்தில் என்ன வேலை பார்க்கலாம்?" என்று ஜூனில் இங்கே கேட்டிருந்தேன். டியூஷன் எடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் ஒரு கிளினிக்கில் ஊசி போடக் கூப்பிட்டார்கள். மருத்துவராகப் பதிவு பெறாமல் அதைச் செய்யக் கூடாது, மறுத்துவிட்டேன். அப்புறம் மருந்துக்கடையில் இரவு பில் போடும் வேலை. பத்து நாள்தான் தாங்கியது.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில் சனி, ஞாயிறு மாலை நான்கு பேருக்கு நீட் உயிரியல். கீழே கொலுசுப் பட்டறை, மாடியில் பாடம். நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குத்தான், அதனால் பெற்றோர் தயங்கவில்லை. மூன்று பேர் ஆளுக்கு 1,200 ரூபாய் தருகிறார்கள், மெஸ் பில்லுக்குப் போதும். நான்காவது பெண் அரசுப் பள்ளி, மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை நம்பிப் படிக்கிறாள். அவளிடம் வாங்குவதில்லை. போன வாரம் இதயம் வரைந்தபோது இடது வென்ட்ரிக்கிளின் (இடது கீழ் அறையின்) சுவரை மட்டும் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தடிமனாக்கினாள். ஏன் என்றேன். "உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளணும்ல அண்ணா!" அன்றைக்கு முழுவதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதில் இறங்குபவர்கள், உங்கள் தேர்வுக்கு முன் மூன்று வாரம் வகுப்பு கிடையாது என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, பேத்தாலஜி (நோயியல்) இன்டர்னல் தேர்வில் ரொம்பச் சிரமப்பட்டேன்.