இருபது ஆண்டுப் பழைய ஃபைபர் படகு: பின்பலகை மெத்தென்று இருந்தால் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாகைக் கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். 2004 சுனாமியில் கட்டுமரங்களை இழந்த கரையோர ஊர்களுக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஃபைபர் படகுகளில் ஒன்று, நாகப்பட்டினத்தை அடுத்த எங்கள் ஊரில் என் தந்தையாருக்கும் கிடைத்தது. 21 அடி நீளம், பின்பலகையில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். அவர் காலமான பிறகு படகு வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் மூடப்படாமலேயே கிடந்து, எட்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. விற்கவும் உடைக்கவும் மனம் வரவில்லை. விடுமுறை நாட்களில் நானே சீரமைத்து மீண்டும் கடலில் இறக்க விரும்புகிறேன்.

எஞ்சினைப் பிடித்து ஆட்டினால் பின்பலகையும் சேர்ந்து மயிரிழை அசைகிறது. போல்ட் துளைகளில் பழுப்பு நீர் கசிகிறது. அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் நட்சத்திரம் போன்ற மெல்லிய விரிசல்கள் உள்ளன. ஏராவின் (அடிப்பகுதியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அருகே, கரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்தில், ஓரடி நீளத்திற்கு வெடிப்பு இருக்கிறது. முன்பு எட்டுப் பேர் சேர்ந்தால் மணலில் நகர்ந்த படகை இப்போது பன்னிரண்டு பேராலும் எளிதில் நகர்த்த முடியவில்லை. கார்களுக்குப் பூசும் பட்டியை வைத்து இழைத்து வண்ணம் அடித்துவிடலாம் என்று ஒருவர் கூறினார். அது போதுமா? ஃபைபரை ஒட்டி இறுகவைக்கும் பிசினாகப் பாலியெஸ்டர் ரெசின் வாங்குவதா, எப்பாக்சி வாங்குவதா?

பதில் 1: தூத்துக்குடி பட்டறை

தம்பி, பட்டியை மறந்துவிடுங்கள். அது நீரை உறிஞ்சும். ஒரே பருவத்தில் பெயர்ந்துவிடும். நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே முக்கியமானது எடை பற்றியது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படகு கனத்திருக்கிறது என்றால் எங்கோ தண்ணீர் தங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்து வெளியேற்றாமல் மேலே எத்தனை அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டாலும், அழுகலை உள்ளே வைத்து மூடியதாகவே முடியும்.

பின்பலகை என்பது இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்த மரம். சிறிய மரச்சுத்தியலால் அது முழுவதையும் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அழுகிய இடம் தொப்பென்று மந்தமாக ஒலிக்கும். பிறகு உட்புறத்திலிருந்து, கீழ் விளிம்பை ஒட்டி, 6 மில்லிமீட்டர் துளைகள் சில இட்டுப் பாருங்கள். வெளுத்த உலர்ந்த மரத்தூள் வந்தால் பிழைத்தீர்கள். கறுத்த ஈரத்தூள் வந்தால் பலகையை எடுத்தே ஆக வேண்டும். அதேபோல் தளத்தின் அடியில் உள்ள மிதவை நுரையை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிப் பிழியுங்கள். பல ஆண்டுகள் தண்ணீரில் ஊறிய நுரை இனி மிதக்க உதவாது, பாரமாகத்தான் இருக்கும்.

பின்பலகையை எடுப்பதற்கு முன்பு, படகின் அடியில் ஏராவை ஒட்டியும் இரு பக்கங்களிலும் நெருக்கமாக முட்டுக் கொடுத்து, மேல் விளிம்புகளுக்குக் குறுக்கே ஒரு சட்டத்தை இறுகக் கட்டுங்கள். பின்பலகை போனதும் பக்கங்கள் விரிந்துகொள்ளும். விரிந்த நிலையில் புதுப்பலகையை ஒட்டிவிட்டால் படகின் வடிவமே மாறிவிடும். இதைச் செய்யாமல் கெட்டுப்போன படகுகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வெளிப்புற ஃபைபர் தோலை அப்படியே விட்டு, உட்புறத் தோலை மட்டும் வெட்டி எடுத்து அழுகிய மரத்தைச் சுரண்டுங்கள். வெளித்தோலே புதுப்பலகைக்கு அச்சாக உதவும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் 19 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை ஒட்டினால் 38 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். உங்கள் எஞ்சினுக்கு அது தாராளம்.

ஏராவின் வெடிப்பை மேலாக அடைக்காதீர்கள். அந்த இடத்தின் கனம் 5 மில்லிமீட்டர் என்றால், வெடிப்பின் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர் அகலத்திற்குச் சரிவாக இழைத்து, அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், அந்தப் பள்ளத்தை மேட்டால் நிரப்ப வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோ ரெசின் செலவாகும். அணியத்தின் நட்சத்திர விரிசல்கள் பெரும்பாலும் ஜெல் கோட்டோடு (ஃபைபரின் வெளிப்பக்க வழவழப்புப் பூச்சு) நின்றுவிடுபவை. ஆனால் அந்த இடத்தை அழுத்தினால் உள்வாங்குகிறதா என்று பாருங்கள். உள்வாங்கினால் உட்புறத்தில் வலுவூட்டாமல் வெளியே எதைப் பூசினாலும் விரிசல் திரும்பவும் வரும்.

பதில் 2: வேதியியல் ஆசிரியை

வீட்டில் செய்யப்போகிறீர்கள் என்பதால் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. பாலியெஸ்டர் ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டான எம்.இ.கே.பி.யையும், வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். தீப்பற்றலாம், வெடிக்கவும் செய்யலாம். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிரைண்டர் கிளப்பும் கண்ணாடித் தூளுக்குத் தூசி முகமூடி போதும். பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவிக்கு அது போதாது, கரிம ஆவியைத் தடுக்கும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும்.

ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் என்பது வழக்கம். நம் ஊர் வெயிலில் 10 கிராமை ஒட்டி வைத்துக்கொண்டு, பனி விலகிய காலை வேளையில் வேலை செய்யுங்கள். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுமையாக இறுகாமல் போகும். மற்றொன்று: பழைய நுரைக்குப் பதிலாகத் தெர்மகோல் வைக்க எண்ணினால், பாலியெஸ்டர் ரெசின் பட்ட மாத்திரத்தில் அது கரைந்துவிடும். பெட்ரோலும் அதைக் கரைக்கும்.

என்னைக் கேட்டால் பின்பலகைக்கு எப்பாக்சியே நல்லது. மரத்தோடும் இறுகிய பழைய பாலியெஸ்டரோடும் அது உறுதியாகப் பற்றும். பாலியெஸ்டருக்கு மரத்தின் மீது அந்தப் பிடிப்பு இல்லை. ஆனால் சாதாரண மேட்டின் பிணைப்புப் பசை ஸ்டைரீனில்தான் கரையும் என்பதால், எப்பாக்சியோடு நெய்த அல்லது தைத்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துங்கள். எப்பாக்சிக்கு மேல் ஜெல் கோட் சரியாக ஒட்டாது. அங்கே இரு கலவை பாலியுரித்தேன் வண்ணமே பொருந்தும்.

நாகைக் கரையோரம், மூன்று வாரங்களுக்குப் பின்

அண்ணாச்சிக்கும் ஆசிரியை அவர்களுக்கும் நன்றி. பின்பலகையின் கீழ்ப்பாதி முழுவதும் கறுப்புத்தூள்தான் வந்தது. உட்தோலை வெட்டியபோது மரம் கையாலேயே பிய்ந்து வந்தது. தளத்தின் அடியில் இருந்த நுரையைத் தோண்டி எடுத்து எடை போட்டேன்: 94 கிலோ. தண்ணீர் புகுந்த வழியும் தெரிந்துவிட்டது. வடிகால் துளையின் உட்சுவரில் மரம் எந்தப் பூச்சும் இன்றி அப்படியே விடப்பட்டிருந்தது. அப்பா ஒவ்வொரு மாலையும் அந்த அடைப்பானைத் திறந்து தண்ணீர் வடிப்பார். அந்தத் துளை வழியாகவே படகு அழுகிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. புதுப்பலகையில் இதைத் தவிர்ப்பது எப்படி? இப்போதே துணி போடத் தொடங்கலாமா?

தூத்துக்குடி பட்டறை

இப்போது வேண்டாம், தம்பி. முதலில் நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவி உப்பை வெளியேற்றுங்கள். உப்பு மீந்திருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே கூரை போட்டு, காற்றோட்டமாக உலர விடுங்கள். பிறகு ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை அந்தப் பரப்பின் மேல் வைத்து, நான்கு விளிம்பிலும் நாடா ஒட்டி, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் ஓர் இரவும் பகலும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்க்காமல் இருந்தால்தான் துணியைத் தொட வேண்டும்.

துளைகளுக்கு ஒரு முறை உண்டு. 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் முதலில் 20 மில்லிமீட்டர் துளையிட்டு, கூழ்போல் கெட்டியாக்கிய எப்பாக்சியால் அதை முழுவதும் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே 12 மில்லிமீட்டர் துளையிடுங்கள். போல்ட்டைச் சுற்றிலும் எப்பாக்சி வளையம் நிற்கும்; மரத்தைத் தண்ணீர் தொடாது. வடிகால் துளைக்கும் இதையே செய்யுங்கள். எஞ்சினின் பழைய ரப்பர்க் குழாய்களையும் இந்த இடைவெளியில் மாற்றிவிடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவை தாங்காது. பலகை ஒட்டும் நாள் முடிவானதும் எழுதுங்கள். ஒட்டும் வரிசையை அப்போது சொல்கிறேன்.