மறு: வேக்குவம் ஃபார்மிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> 'வெற்றிட வார்ப்பு' போதுமே ஐயா. காதுக்குப் பழகிய சொல்.

பழகியதுதான் சிக்கல். வார்ப்பு என்றால் உருக்கியதை ஊற்றுவது. உருக்காலை இருக்கிற எங்கள் சேலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் இரும்புக் குழம்புதான் நினைவுக்கு வரும். இந்த முறையில் எதுவும் உருகி ஓடுவதில்லை. பிளாஸ்டிக் ஷீட்டைச் சட்டத்தில் இறுக்கி ஹீட்டருக்கு அடியில் காட்டுகிறார்கள். ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகி, நடுவில் தொய்ந்து தொங்கும். உடனே டையை, அதாவது அச்சை, மேலே ஏற்றி, அதிலுள்ள ஊசித்துளைகள் வழியாகப் பம்ப் வைத்துக் காற்றை எடுத்துவிட்டால், ஷீட் டையோடு ஒட்டிப் படிந்துவிடும். ஆறியதும் ஓரம் வெட்டினால் பொருள் தயார். தவிர, சிலிகோன் அச்சில் திரவ ரெசினை வெற்றிடத்தில் ஊற்றும் முறை தனியாக இருக்கிறது. 'வெற்றிட வார்ப்பு' நியாயமாக அதற்குப் போக வேண்டிய பெயர்.

> அப்படியென்றால் 'உறிஞ்சு படிவம்'?

உறிஞ்சல் வேண்டாமே தம்பி. பம்ப் அடியிலுள்ள காற்றை எடுத்து வழிவிடுகிறது, அவ்வளவுதான். ஷீட்டை அமுக்குவது வெளிக்காற்று. சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ என்றால், 30க்கு 30 செ.மீ. ஷீட்டின் மேல் முக்கால் டன்னுக்கும் அதிகம். இதே மெஷினை ஏற்காட்டுக்குக் கொண்டுபோங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எவ்வளவு உசத்தியான பம்ப் போட்டாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

'வெற்றிட உருவாக்கம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது வெற்றிடத்தையே உருவாக்குவது போல இருக்கிறது!

நான் சொல்வது 'வெற்றிட வனைவு'. குயவர் வனைவதும் இளகிய பொருளைத்தான், ஊற்றுவதில்லை, செதுக்குவதில்லை. சக்கரம் எங்கே என்று கேட்பீர்கள். சுழற்றுவது வேறு, வனைவது வேறு, உருக்கொடுப்பதுதான் வனைதல். இன்னொரு வசதி, சொல் கிளைக்கிறது. சூடாக்கி உருக்கொடுக்கும் முறைகள் எல்லாம் சேர்ந்து 'வெப்ப வனைவு'. மேலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்துவது 'அழுத்த வனைவு'. வனைபொறி, வனையச்சு, வனைந்த தட்டு என்று தடையில்லாமல் வருகிறது.

பொருளுக்குப் பெயர் வைப்பதில் நமக்குச் சிரமமே இல்லை. தலைவாசல் பக்கம் தக்காளி நாற்று விடும் 98 குழித் தட்டு இந்த முறையில் வருவதுதான். அது 'குழித்தட்டு' என்று விவசாயிகள் வாயில் எப்போதோ நிலைத்துவிட்டது. செய்முறைக்குத்தான் இத்தனை மடல்.

அப்புறம், ஒன்று பாக்கி. குழி ஆழமானால் அடிப்பக்கம் மெலிந்துபோகும். அதைத் தடுக்க, காற்றை எடுப்பதற்கு முன் ஒரு கட்டை மேலிருந்து வந்து ஷீட்டை உள்ளே தள்ளும். பட்டறையில் 'ப்ளக்' என்பார்கள். 'தள்ளுகட்டை' என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.