இரட்டைக் குழந்தைக்கு மாசம் டயப்பர் செலவு எவ்வளவு?

கேள்வி: அடுத்த மாசம் ட்வின்ஸ் டெலிவரி. ஆஃபர்ல நியூபார்ன் டயப்பரை இப்பவே மொத்தமா வாங்கிடலாமா? மாசம் எவ்வளவு ஒதுக்கணும்? பால்பவுடரும் ஆஃபர்ல வாங்கி வைக்கலாமா?

பதில் 1: வேண்டாம் சிஸ்டர், ரெண்டு பாக்கெட்டோட நிறுத்துங்க. அந்த சைஸ் 5 கிலோ வரைக்கும்தான். ரெண்டு குழந்தையும் ஒரே வேகத்துல எடை ஏறாது. ஆளுக்கு நாளைக்கு 9னு வைங்க, மாசம் 540. ஒண்ணு 10 ரூபாய்னா 5,400. தொடையில பட்டை அழுந்தின சிவப்புத் தடம், முதுகுப் பக்கம் கசிவு, ரெண்டுல எது வந்தாலும் அடுத்த சைஸுக்கு மாறுங்க.

பதில் 2: பகல்ல துணி லங்கோடு கட்டினா ராத்திரிக்கு ஆளுக்கு ரெண்டு டயப்பர், மாசம் 120 போதும். லங்கோடு 40 வாங்குங்க, மழைன்னா காயாது. அலசும்போது வாசனைத் திரவம் ஊத்தாதீங்க. துணி ஈரம் உறிஞ்சாது.

பதில் 3: பால்பவுடர் டாக்டர் சொன்னா மட்டும். அதுக்கு ஆஃபர் தேடாதீங்க, குழந்தைப் பால்பவுடர் விற்பனையைக் கட்டுப்படுத்துற 1992 சட்டப்படி தள்ளுபடி கூப்பன் கொடுக்கவே கூடாது. டப்பாவோட வர்ற ஸ்பூன்ல, தலை தட்டி அளங்க. மிச்சம் பிடிக்கத் தண்ணி கூட்டினா எடை ஏறாது.