ரவுண்டானா வரைக்கும் வந்து திரும்பியவர்கள்: சைக்கிளுக்கு மாறிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

வீட்டிலிருந்து வேலை செய்யும் இடம் 6 கிலோமீட்டர். சைக்கிள் வாங்கிய பிறகும் மூன்று மாதங்கள் அது மாடிப்படிக்குக் கீழேதான் நின்றது. ஆசை இல்லாமல் இல்லை. வழியில் ஐந்து சாலைகள் வந்து சேரும் ஒரு ரவுண்டானா. இரண்டு முறை அதுவரை போய், பஸ்களும் லாரிகளும் சுற்றுவதைப் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன். மற்ற தூரம் முழுவதும் எனக்குப் பயமே இல்லை. அந்தக் கால் கிலோமீட்டர்தான் என்னைக் கட்டிப்போட்டிருந்தது.

எங்கள் பிரிவில் பல ஆண்டுகளாகச் சைக்கிளில் வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டவர், "நாளைக்கு ஏழரை மணிக்கு உங்கள் தெருமுனையில் நிற்கிறேன், வந்துவிடுங்கள்" என்றார். சொன்னபடி வந்தார். ரவுண்டானாவின் பக்கமே அவர் போகவில்லை. அதற்கு முன்பே ஒரு சந்தில் திரும்பி, பள்ளி மதிலை ஒட்டிப் போய், கால்வாய்க் கரையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார். 700 மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஊரிலேயே இத்தனை வருடம் இருந்தும், கார் போகாத வழி என்பதால் என் கண்ணில் படவே இல்லை.

அன்று இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஓரத்தில் கார்கள் நிற்கும் இடம் வந்ததும், ஒரு கார்க்கதவின் அகலம் இடம் விட்டு ஓட்டினார். "எப்போது திறப்போம் என்று உள்ளே இருப்பவருக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான்காவது நாள் எனக்கு நேர் முன்னால் ஒரு கதவு படாரென்று திறந்தது. அதன் விளிம்பு என் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அக்கா சொல்லியிருக்காவிட்டால் நான் மறுபடி சைக்கிளைத் தொட்டிருக்கமாட்டேன்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டப் பொறுப்பிலிருந்த ரோஜர் கெல்லர், 2006 வாக்கில் நகர மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தால் ஓட்டுபவர்கள் 7 சதவீதம். எப்படியும் ஓட்டமாட்டோம் என்பவர்கள் 33 சதவீதம். மீதி 60 சதவீதம் பேருக்கு ஆசையும் உண்டு, அச்சமும் உண்டு. முதலில் அது அவருடைய மதிப்பீடுதான். பின்னர் நடந்த கருத்துக்கணிப்புகளும் ஏறத்தாழ அதையே காட்டின. படித்தபோது, மாடிப்படிக்குக் கீழே நின்ற என் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. இவர்களிடம் போய் உடலுக்கு நல்லது, காற்றுக்கு நல்லது என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்? எது தடுத்தது, யார் உடன் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

மறுமொழி

எனக்கு வழிகாட்டி யாரும் இல்லை, ஒரு கல்வரிசைதான். எங்கள் சாலையில் முதலில் வெள்ளைக்கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்தார்கள். மறுநாளே அதன் மேல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கோட்டை நம்பி ஒன்பது வயது மகளை எப்படி அனுப்புவது? அடுத்த ஆண்டு கோட்டுக்குப் பதிலாக முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டார்கள். அந்த வாரமே அவள் முன்னால் ஓட்ட, நான் பின்னால் ஓட்டிப் பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். அதற்கு முன்பு நான் "ஓரமாகப் போ, ஓரமாகப் போ" என்று கத்துவதைத் தவிர வேறெதுவும் எங்களுக்குள் நடந்ததில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் இயல்பிலேயே சைக்கிள்காரர்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1971-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. தனிப்பாதைகள் அதன் பிறகுதான் பெருகின. கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

மறுமொழி

வயது 61. மேட்டைக் கண்டால் முழங்கால் ஒத்துழைக்காது. மின்மோட்டார் உதவும் சைக்கிள் வாங்கினேன். மிதித்தால்தான் மோட்டார் தள்ளும். ஐரோப்பிய விதிப்படி 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிடும், எனக்கு அதுவே அதிகம். வியர்க்காமல் போய்ச் சேருகிறேன்.

மறுமொழி

பாதையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், போய்ச் சேர்ந்த பிறகு என்ன என்பதையும் பேச வேண்டும். நான் விட்டது சாலையால் அல்ல. முன்சக்கரத்தை மட்டும் கம்பியோடு பூட்டிவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் முன்சக்கரம் மட்டும் பூட்டோடு நிற்கிறது! அதன் பிறகு ஒன்றரை ஆண்டு பஸ்தான்.

மறுபடி தொடங்க வைத்தவர் எங்கள் கட்டடத்தின் காவலாளி. "என் அறைச் சன்னலுக்கு நேரே நிறுத்துங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இப்போது அந்தச் சன்னலுக்கு எதிரே பதினொரு சைக்கிள்கள் நிற்கின்றன. நிர்வாகம் மேலே கூரை போட்டுக் கொடுத்தது. பூட்டைச் சட்டத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்துக் கம்பியில் போடுங்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

கல்வரிசை பற்றி எழுதியவருக்கு நன்றி. ஸ்பெயினின் செவில் நகரில் கார் நிறுத்திய இடங்களை எடுத்து, 2006-க்கும் 2010-க்கும் இடையில் சுமார் 120 கிலோமீட்டர் தனிப்பாதை போட்டார்கள். துண்டு துண்டாகப் போடாமல், ஒன்றோடொன்று இணையும்படி போட்டதுதான் அங்கே மக்களைச் சைக்கிளில் ஏற்றியது என்று நம்புகிறேன். நடுவில் ஒரே இடத்தில் அறுந்தாலும் என்னைப் போன்றவர்கள் அங்கிருந்து திரும்பிவிடுவார்கள்.

கால்வாய்க் கரையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். ஐந்து வாரமாக மூடவில்லை. புதிதாக எங்களோடு சேர்ந்த இரண்டு பேர் மறுபடி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்காவும் நானும் மனு எழுதி, வழியில் போகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இன்று காலை வரை நாற்பத்தி மூன்று.