‘பலோன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: மிதப்பா, துள்ளலா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாலே நடனத்தில், குதிப்பவர் எடையில்லாதவர்போல் எழுந்து, மெல்ல இறங்கி, மறுபடி எழும் ‘பலோன்’ எனப்படும் பண்புக்கு ‘மிதப்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து இந்த இழையில் வலுப்பெற்றுவிட்டது. அதை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். ‘மிதப்பு’ அழகான சொல்தான். ஆனால் அது பலோனில் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் எளிதில் கண்ணில் படும் பகுதியை மட்டுமே, குறிக்கிறது என்பது என் எண்ணம்.

கடந்த சில நாள்களாக நண்பர்கள் தாங்கள் அரங்கில் கண்ட நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய குறிப்புகளை எல்லாம் திரும்பப் படித்தேன். நத்தாலியா ஒசிபோவா ‘ஜிசெல்’ பாலேயில் நாயகியாக ஆடியதைப் பற்றி எழுதியவரும், பாலே கலைஞர் பரிஷ்னிக்கோவின் பழைய ஒளிப்பதிவுகளைப் பற்றி எழுதியவரும், இவான் வசீலியெவின் பாய்ச்சலைக் கண்டு மூச்சடைத்துப் போனதாக எழுதியவரும் ஏறக்குறைய ஒரே கணத்தைத்தான் வருணித்திருக்கிறார்கள். உச்சிக்குப் போன உடல் கீழே வர மறந்ததுபோல் நின்ற கணம் அது. அந்தக் கணத்திற்குப் பெயர் தேடினால் ‘மிதப்பு’ பொருந்தும். ஆனால் நாம் தேடுவது அந்தக் கணத்தின் பெயரையா?

அந்தக் கணம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒருவர் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால், கால் தரையை விட்டு மறுபடி தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய 0.64 நொடி ஆகும். அந்த நேரத்தில் சரிபாதி, எழும்பிய உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. இது யார் குதித்தாலும் நடப்பது. கூடைப்பந்து ஆடுபவரும் இதே கணக்கின்படிதான் மேலே ‘நிற்கிறார்’. இதற்கு மேல் பாலே கலைஞர் செய்யும் நுட்பம் ஒன்று உண்டு. ‘கிராண்ட் ஜெத்தே’ என்னும் பெரும்பாய்ச்சலில், உச்சியை நெருங்கும் வேளையில் கால்களைக் கிடைமட்டமாக விரித்துக் கைகளையும் உயர்த்தும்போது, உடலின் ஈர்ப்பு மையம் உடலுக்குள்ளேயே மேலே நகர்கிறது. மையம் தன் வளைகோட்டில்தான் போகிறது. தலையும் மார்பும் மட்டும் சற்று நேரம் ஏறாமலும் இறங்காமலும் நேர்கோட்டில் செல்கின்றன. பார்ப்பவர் கண் தலையைத் தொடர்வதால், அவர் காற்றில் மிதந்ததாக நமக்குப் படுகிறது.

இது கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டிய அரிய நுட்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது கால் விரியும் பாய்ச்சலுக்கு உரியது. கால்களை விரிக்காமல், நின்ற இடத்திலேயே, தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட எழாமல் செய்யும் சிறு குதிப்புகளிலும் ஆசிரியர்கள் பலோனை எதிர்பார்க்கிறார்கள். அங்கே அது இல்லையென்றால் திருத்துகிறார்கள். மிதப்பதற்கு நேரமே இல்லாத இடத்திலும் பலோன் உண்டு என்றால், மிதப்பதை மட்டும் வைத்து அதற்குப் பெயரிட முடியாது.

பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல் பந்தையும் குறிக்கும், பலூனையும் குறிக்கும். பாரிஸ் ஓபராவில் ஆடிய குளோத் பலோன் என்ற கலைஞரின் பெயரால் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. நம் சொல்லாக்கத்திற்கு அது உதவாது. பலூனை மனத்தில் வைத்தவர்கள் ‘மிதப்பு’ என்கிறார்கள். ஆனால் நடன வகுப்பில் விளக்கம் சொல்லும்போது பெரும்பாலும் பந்தைத்தான் சுட்டுவார்கள்: தரையில் பட்டதும் அந்தப் படுதலாலேயே எழுகிற பந்து. இந்த விளக்கத்தில் முதன்மை பெறுவது உச்சி அன்று, இறக்கம். கால்விரல் நுனி முதலில் தரையைத் தொட, பிறகு முன்பாதம், பிறகு குதிகால் என்று பாதம் படிப்படியாகப் படிய, அதே ஓட்டத்தில் முழங்கால் மடிந்து உடலின் எடையை வாங்கிக்கொள்கிறது. ‘பிளியே’ எனப்படும் அந்த மடிப்பு நின்றுவிடாமல் அடுத்த எழுச்சியின் தொடக்கமாகவும் ஆகிவிடுகிறது. இறங்கி முடித்து, ஓய்ந்து, பிறகு மறுபடி கால் ஊன்றி எழும்புபவரிடம் எவ்வளவு உயரம் இருந்தாலும் பலோன் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

புகழ்பெற்ற பாலே கலைஞர் நிஜின்ஸ்கியின் பெயர் இழையில் பலமுறை வந்தது. 1911ஆம் ஆண்டு மாண்டே கார்லோவில் முதன்முதலில் மேடையேறிய ‘ரோஜாவின் ஆவி’யில், உடன் ஆடிய கர்சாவினா நாற்காலியில் உறங்க, நிஜின்ஸ்கி சன்னல் வழியாகப் பாய்ந்து மறையும் அந்த இறுதிப் பாய்ச்சல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் சற்று நினைத்துப் பாருங்கள்: அந்தப் பாய்ச்சலின் சிறப்பே அவர் இறங்குவதைப் பார்வையாளர் காணாததுதான். சன்னலுக்கு அப்பால், திரை மறைவில் அவர் இறங்கினார். எழுந்தவர் எழுந்தபடியே போய்விட்டார் என்ற மயக்கம் அப்படித்தான் உண்டானது. அதை மிதப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். பலோனுக்கு மட்டும் அது சான்றாகாது. அவர் ஆடியதற்கு ஒளிப்பதிவும் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை நிழற்படங்களும் எழுத்துகளும்தாம். நிழற்படத்தில் எந்தக் குதிப்பும் மிதப்பாகவே தெரியும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதனால்தான் அரங்கில் நேரில் காண்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். நேரில் காண்பவருக்குக் கண்ணோடு காதும் வேலை செய்கிறது. ‘ஜிசெல்’ இரண்டாம் அங்கத்தில் வெண்ணுடை அணிந்த ‘வில்லிகள்’ (மணமாகும் முன் இறந்த பெண்களின் ஆவிகள்) இரு பக்கங்களிலிருந்தும் வரிசையாகப் புறப்பட்டு, ஒரு காலைப் பின்னே நீட்டியபடி மறு காலால் தத்தித் தத்தி ஒருவரையொருவர் ஊடுருவிக் கடக்கும் காட்சியை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவர்கள் அந்த ஒலியை மறக்க மாட்டார்கள். விரல்முனைக் காலணியின் முன்பகுதி துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியது. அது மரத்தளத்தில் படும்போது தட்டென்ற ஒலி எழும். அதைக் குறைப்பதற்காகவே புதுக் காலணியைச் சுவரிலோ தரையிலோ அடித்துப் பதப்படுத்திக்கொள்வார்கள். இத்தனை செய்தும் ஆவிகளின் கூட்டம் குளம்படிபோல் ஒலிக்கும் இரவுகள் உண்டு. அவர்களுக்கு நடுவே ஜிசெல்லாக ஆடுபவர் அடுத்தடுத்துச் சிறு குதிப்புகளால் மேடையைக் கடக்கையில் ஒலியே எழாவிட்டால், அரங்கம் முழுவதும் அதை உணர்ந்துவிடும். ஒசிபோவாவை நான் விரும்புவது இதற்காகத்தான். அவர் எவ்வளவு உயரம் போகிறார் என்பது இரண்டாவது செய்தி. அவர் கால் தரையைத் தொட்டதற்கும் விட்டதற்கும் இடையே ஒரு வெட்டு விழுவதை நான் கண்டதில்லை.

இதே பண்பைத் தங்கள் மரபின் உயிராகவே வைத்திருப்பவர்கள் டென்மார்க் நாட்டவர்கள். 1836இல் கோபன்ஹேகனில் தம் ‘லா சில்ஃபீட்’ பாலேயை அரங்கேற்றிய ஓகுஸ்த் பூர்னொன்வீல், கைகளைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு, ஆயத்தம் வெளியே தெரியாமல் குதிக்கும் பாணியை வளர்த்தார். கைவீச்சின் துணை இல்லாததால் எல்லா வேலையும் பாதத்திற்கும் முழங்காலுக்கும் போய்விடுகிறது. டேனியக் கலைஞர் ஒருவர் அந்தப் பாலேயின் நாயகனான ஜேம்ஸ் பாத்திரத்தில் ஆடும்போது நெஞ்சுக்கு மேலே பார்த்தால், அவர் சிரமப்பட்டு எதையும் செய்வதாகவே தோன்றாது. 1890இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய ‘உறங்கும் அழகி’யில் என்ரிக்கோ செக்கெட்டி முதன்முதலில் ஆடிய நீலப்பறவை நடனமும் இத்தகையதே. மூலைவிட்டமாக வரும் அந்த ‘பிரிசே வொலே’ வரிசையில் முன்னும் பின்னுமாகக் கால்கள் காற்றில் மோதிப் பிரிய, ஒற்றைக்காலில் இறங்கி அக்காலாலேயே மறுபடி எழ வேண்டும். பறவை பறப்பதாக நாம் நம்புவது ஏதோ ஒரு குதிப்பைப் பார்த்து அன்று; வரிசை அறுபடாமல் வருவதைப் பார்த்துத்தான்.

இனி, முன்மொழியப்பட்ட மற்றச் சொற்கள். ‘அந்தரம்’ என்பது ‘மிதப்பு’க்கு உள்ள குறையையே உடையது. அதோடு ஈழத்து நண்பர்களுக்கு அது பதற்றத்தையும் அவசரத்தையும் குறிக்கும் அன்றாடச் சொல். இந்தப் பண்புக்கு நேர் எதிர்ப்பொருள். ‘தூங்கல்’ என்று ஒருவர் எழுதியதைப் படித்து உண்மையில் மகிழ்ந்தேன். வானத்தில் தொங்கிய கோட்டையைத் ‘தூங்கெயில்’ என்ற மொழி நம்முடையது. ஆயினும் இன்றைக்கு ஒரு விமர்சனத்தில் ‘அவருடைய தூங்கல் சிறப்பாக இருந்தது’ என்று எழுதினால் படிப்பவர் வேறு பொருள் கொள்வார். ‘நொய்ம்மை’ எடையின்மையைச் சொல்கிறது, இயக்கத்தைச் சொல்லவில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘மென்துள்ளல்’. யாப்பிலக்கணத்தில் கலிப்பாவுக்கு உரிய ஓசை துள்ளல் என்று நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சீர்தோறும் தாழ்ந்து உயர்ந்து வருவது என்பதே அதன் விளக்கம். தாழ்தலும் உயர்தலும், அதுவும் விட்டுவிட்டு வராமல் சீர்தோறும் தொடர்ந்து வருதலும், பலோனின் இலக்கணமேதான். முழங்கால் மடிந்து தாழ்வதை உயர்வின் ஒரு பாதியாகவே காணும் சொல் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும்போது, உச்சியை மட்டும் காணும் சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? ‘மென்’ என்ற அடை ஓசையற்ற இறக்கத்தையும் எடையில்லாத தோற்றத்தையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. புணர்ச்சி விதிப்படி ‘மென்றுள்ளல்’ என்று ஆக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி எழுதினால் ‘மென்று’ என்பது முன்னால் வந்து நிற்கும். எனவே பிரித்தறிய உதவும் ‘மென்துள்ளல்’ வடிவமே போதும் என்பது என் கருத்து.

‘மிதப்பில் திரிகிறான்’ என்ற வழக்கைக் காட்டி ‘மிதப்பு’ வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காரணத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ‘ரொம்பத் துள்ளாதே’ என்பதும் நம் வாயில் வருவதுதான். அன்றாடப் பேச்சில் ஒரு சொல்லுக்கு வேறு சாயல் இருப்பதாலேயே அது கலைச்சொல்லாக உதவாது என்று ஆகிவிடாது.

உயரத்தைக் குறிக்கும் ‘எலிவேஷன்’ என்பதைப் பலோனோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அதற்கும் தனிச்சொல் வேண்டும். ‘எம்புயரம்’ என்று சொல்லலாம். எம்பிக் குதித்தல் எல்லோரும் அறிந்தது. இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘வசீலியெவின் எம்புயரம் அரங்கையே அதிரவைக்கிறது, ஆனால் மென்துள்ளலுக்கு டேனியர்களிடம்தான் போக வேண்டும்.’ இவ்வாக்கியத்தின் தீர்ப்பை நண்பர்கள் சிலர் மறுப்பார்கள் என்று அறிவேன். சொற்கள் அந்த வாதத்தைத் தெளிவாக நடத்த இடம் கொடுக்கின்றனவா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். கொடுக்கின்றன என்றே நினைக்கிறேன். ‘மிதப்பு’ வீணாகப் போகவும் தேவையில்லை. பெரும்பாய்ச்சலின் உச்சியில் தலை நேர்கோட்டில் செல்லும் அந்தத் தோற்றத்திற்கு ‘உச்சிமிதப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. விரைவான சிறு குதிப்புகளின் தொகுதியான ‘பெத்தீத் அலெக்ரோ’வுக்குச் ‘சிறுதுள்ளல்’ என்று முன்பே பட்டியலில் எழுதிவிட்டோம். மென்துள்ளல் பண்பின் பெயராகவும் சிறுதுள்ளல் ஆட்ட வகையின் பெயராகவும் அருகருகே நின்றால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். ஆட்ட வகையின் பெயரை ‘விரைகுதிப்பு’ என்று மாற்றிவிடலாமா என்பதை, வகுப்பு நடத்தும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.