குளோசாபினுக்கும் அடங்காத குரல்கள்: ஈசிடி பலன் தருமா?

கேள்வி (பெரம்பூர்):
தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). இரண்டு மருந்து மாற்றியாயிற்று. இப்போது, மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் குளோசாபின் 400 மி.கி. ஐந்து மாதமாகியும் காதில் குரல் நிற்கவில்லை. கூடவே ஈசிடி, அதாவது தலையில் கரண்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். கை காலைக் கட்டி வைப்பார்களோ என்று அம்மா அழுகிறார். பலன் உண்டா?

பதில் 1:
முதலில் ரத்தத்தில் குளோசாபின் அளவு பாருங்கள். மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், மருந்து போதவில்லை என்றுதான் பொருள். சிகரெட் பிடித்தால் அளவு இறங்கும். அளவு சரியாக இருந்தும் இப்படி என்றால் ஈசிடி தாராளமாகச் செய்யலாம். 2015இல் வந்த அமெரிக்க ஆய்வில் 39 பேர். குளோசாபினோடு ஈசிடியும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அறிகுறிகள் 40 சதவீதமாவது குறைந்தன. குளோசாபின் மட்டும் எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படிக் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் வேறு வழி அதிகம் இல்லாத இடத்தில் இது பெரிய விஷயம். குரல், சந்தேகம் குறையும். பேச்சற்று ஒதுங்கியிருப்பது அவ்வளவாக மாறாது.

பதில் 2:
அம்மாவிடம் சொல்லுங்கள்: மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈசிடி செய்வதை 2017 மனநலச் சட்டமே தடை செய்துவிட்டது. தூங்கிய பிறகுதான் கரண்ட், சில விநாடிகள். அது மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்கும், அதுதான் சிகிச்சை. தசை மருந்து போகும் முன் ஒரு கணுக்காலுக்கு மேல் பிபி பட்டையை இறுக்குவார்கள். அந்தப் பாதத்துக்கு மருந்து போகாது. வலிப்பு வந்ததா, எத்தனை விநாடி என்று அது துடிப்பதை வைத்தே எண்ணுவார்கள்.

முந்தின நாள் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிக்கட்டும். தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பிடிக்காது, மெஷின் மின்தடை அதிகம் என்று காட்டும். காலையில் விபூதியும் வேண்டாம். சாப்பிட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வாய் காபி கொடுத்தாலும் அன்றைக்கு ரத்துதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எத்தனை தடவை? ஞாபகம் போய்விடுமா?

பதில் 1:
வாரம் இரண்டு அல்லது மூன்று. மனச்சோர்வைவிட இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும். 12ஐத் தாண்டினாலும் பயப்படாதீர்கள், நாலைந்தில் பலன் இல்லையென்று நிறுத்தாதீர்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் நடந்தவை மறக்கலாம், சில திரும்பாமலும் போகலாம். புதிதாகக் கேட்பது, படிப்பது மனதில் நிற்காத சிக்கல் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். முடிந்தபின் குளோசாபினை விட்டால் குரல் திரும்பக்கூடும்.

பதில் 2:
குளோனாசெபாம், வால்ப்ரோயேட் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்துகள் எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈசிடிக்குத் தேவையான வலிப்பையே அவை அடக்கிவிடலாம். மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துப் போங்கள்.